எந்தச் சர்வரிலும் இயங்கும் தரவுத்தள மென்பொருளை வடிவமைக்கும் முறை

தரவுத்தள மென்பொருளை எழுதுபவருக்கு, அது எப்படிப்பட்ட சர்வரில் ஓடப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிவதில்லை. ஒரே நிரல், 64 கோர்களும் என்விஎம்இ என்ற அதிவேக வட்டும் கொண்ட தனிச் சர்வரில் ஓடலாம். அரை கோரும் 512 மெகாபைட் நினைவகமும் மட்டுமே ஒதுக்கப்பட்ட கண்டெய்னரில் (ஒரே கணினிக்குள் பிரித்து வைக்கப்பட்ட தனி ஓட்டச் சூழலில்) ஓடலாம். வட்டே வலையமைப்புக்கு அப்பால் இருக்கும் மேகக்கணி இயந்திரத்திலும் ஓடலாம். இவை எல்லாவற்றிலும் ஒரே வேகம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பரிவர்த்தனை முடிந்துவிட்டது என்று பதில் அனுப்பிய பிறகு, அந்தத் தரவு எந்தச் சர்வரிலும் தொலையக்கூடாது என்பதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே வடிவமைப்பைத் தொடங்கும் முன், சூழலைப் பற்றி உங்கள் நிரல் வைத்திருக்கும் அனுமானங்களை எல்லாம் எழுதி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பொய்த்தால் வேகம் மட்டும் குறைபவை ஒரு வகை; பொய்த்தால் தரவே கெடுபவை மற்றொரு வகை. முதல் வகையில் மென்பொருள் சூழலுக்கேற்ப வளைந்து கொடுக்கலாம். இரண்டாம் வகையில் வளையக்கூடாது. தேவையான உத்தரவாதம் கிடைக்காத இடத்தில் அது தொடங்க மறுத்துவிட வேண்டும்.

இயங்குதளத்தோடு பேசும் பகுதியை ஒதுக்கி வைத்தல்

முதல் வேலை, கோப்பு, பூட்டு, பகிர்வு நினைவகம், கடிகாரம், இழைகள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்), தற்செயல் எண்கள் ஆகியவற்றுக்காக இயங்குதளத்தை அழைக்கும் எல்லா இடங்களையும் ஒரே அடுக்குக்குள் கொண்டுவருவது. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் இதற்கு நல்ல முன்மாதிரி. அதன் விஎஃப்எஸ் அடுக்கு கோப்பைத் திறப்பது, படிப்பது, எழுதுவது, பூட்டுவது ஆகியவற்றோடு, நேரத்தைக் கேட்பதையும் தற்செயல் பைட்டுகளைப் பெறுவதையும்கூடத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதனால்தான் யூனிக்ஸ், விண்டோஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிவங்களை எழுத முடிகிறது. வினவலைப் பகுத்துத் திட்டமிடும் மேல்பகுதிக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இந்த அடுக்கை எவ்வளவு மேலே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இயங்குதளத்தின் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓர் உறையைப் போட்டுவிட்டால் அடுக்கு அமைந்துவிட்டதாக நினைப்பது தவறு. அடுக்கு பேச வேண்டியது அழைப்பின் மொழியில் அல்ல, நோக்கத்தின் மொழியில். "இந்தத் தரவை நிலைப்படுத்து", "இந்தக் கோப்பை முழுதாகப் பழையதாகவோ முழுதாகப் புதியதாகவோ மட்டும் இருக்கும்படி மாற்று" என்பவைதாம் மேல்பகுதி கேட்க வேண்டியவை. லினக்ஸில் இரண்டாவது கோரிக்கையை நிறைவேற்ற, புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதை எஃப்சிங்க் (தரவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) செய்து, பழைய பெயருக்கு மாற்றி, பிறகு அந்தக் கோப்பு இருக்கும் அடைவையும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால், மின்சாரம் போனபின் பெயர் மாற்றமே நடக்காதது போலாகிவிடலாம். விண்டோஸிலோ, வேறொரு செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்து வைத்திருக்கும் கோப்பை, அது திறக்கப்பட்டபோது அதற்கான அனுமதி கொடுக்கப்படாவிட்டால், நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. மேக்ஓஎஸ்ஸில் சாதாரண எஃப்சிங்க் தரவை வட்டுக்கு அனுப்புகிறதே தவிர, வட்டு தன் உள் தற்காலிக நினைவகத்தில் வைத்திருப்பதை நிரந்தர ஊடகத்தில் எழுத வைப்பதில்லை. அதற்கு ஃபுல்எஃப்சிங்க் என்ற தனிக் கட்டளை தேவை. "நிலைப்படுத்து" என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் மறைந்திருக்க வேண்டும்.

தரவின் நிலைப்பேறு

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் குழுவினர் கவனத்துக்கு வந்த ஒரு சிக்கல், இங்கே அனுமானம் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டியது. எஃப்சிங்க் தோல்வியடைந்தால் மீண்டும் அழைத்துப் பார்க்கலாம் என்று அந்த மென்பொருள் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆனால் லினக்ஸில், ஒரு பக்கத்தை (நினைவகத்திலுள்ள தரவுத் துண்டை) வட்டில் எழுத முடியாமல் போனால், இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் பிழையை ஒருமுறை அறிவித்துவிட்டு, அதை எழுதி முடிக்கப்பட்ட பக்கமாகவே குறித்துவிடக்கூடும். இரண்டாம் அழைப்பு வெற்றி என்று திரும்பும். தரவோ வட்டில் இருக்காது. 2019 பிப்ரவரியில் வந்த வெளியீடுகளில், எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்று, பதிவேட்டிலிருந்து (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்பு) மீட்டெடுக்கும்படி போஸ்ட்கிரெஸ் மாற்றப்பட்டது. உங்கள் மென்பொருளிலும் இதையே செய்யுங்கள். எல்லாக் கோப்பு முறைமைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மிக மோசமாக நடந்துகொள்வதை மனத்தில் வைத்து எழுதினால் மற்றவற்றிலும் அது சரியாகவே இருக்கும்.

அடுத்தது அரைகுறையாக எழுதப்பட்ட பக்கம், அதாவது தரவுத்தளம் ஒரே தொகுப்பாகப் படித்து எழுதும் துண்டு. போஸ்ட்கிரெஸின் பக்கம் 8 கிலோபைட், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் இயல்பான பக்கம் 16 கிலோபைட். வட்டுகளோ 512 பைட் அல்லது 4 கிலோபைட் பிரிவுகளாக எழுதுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், பக்கத்தின் முன்பாதி புதியதாகவும் பின்பாதி பழையதாகவும் கிடக்கும். போஸ்ட்கிரெஸ், ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் (மாற்றங்கள் எல்லாம் வட்டில் எழுதி முடிக்கப்படும் கட்டம்) பின்னும் முதன்முறை மாறும் பக்கத்தை முழுதாகப் பதிவேட்டில் வைத்து இதைச் சமாளிக்கிறது. இன்னோடிபி, பக்கங்களை முதலில் வேறோர் இடத்தில் எழுதிவிட்டுப் பிறகு உரிய இடத்தில் எழுதுகிறது. இரண்டுமே எழுதும் வேலையைக் கூட்டுபவை. இசட்எஃப்எஸ் போல, பழைய தொகுதியின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் கோப்பு முறைமைகளில் இவை தேவைப்படாமல் போகலாம். ஆனால் "இது இசட்எஃப்எஸ், ஆகவே பாதுகாப்பை நிறுத்திவிடலாம்" என்று மென்பொருள் தானாக முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. இயல்பு நிலை பாதுகாப்பாகவே இருக்கட்டும். தன் சூழலை அறிந்த நிர்வாகி வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளட்டும். பக்கம்தோறும், அது கெட்டுவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகை வைப்பதைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை.

பொய் சொல்லும் வட்டுகளும் உண்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு, நொடிக்கு 120 முறைதான் சுழல்கிறது. ஒரே கோப்பின் முனையில் எழுதி ஒவ்வொரு முறையும் நிலைப்படுத்தும் ஒற்றை இழைக்கு, அந்த வட்டில் நொடிக்கு ஆயிரக்கணக்கான எஃப்சிங்க் முடிகிறதென்றால், இடையில் ஏதோ ஒரு தற்காலிக நினைவகம்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது மின்கலப் பாதுகாப்புள்ள கட்டுப்பாட்டியாக இருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் ஆபத்து. மென்பொருளால் இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியாது. எனவே, போஸ்ட்கிரெஸோடு வரும் எஃப்சிங்க் சோதனைக் கருவியைப் போன்ற ஒன்றை உங்கள் மென்பொருளோடும் சேர்த்துக் கொடுங்கள். அளவை அது காட்டட்டும். முடிவை மனிதர் எடுக்கட்டும்.

வலையமைப்புக் கோப்பு முறைமையைப் பற்றியும் வெளிப்படையான நிலைப்பாடு தேவை. எஸ்கியூலைட்டில் மாற்றங்களை முன்கூட்டியே பதிவேட்டில் எழுதும் முறை, எல்லாச் செயல்முறைகளும் ஒரே கணினியில் இருந்தால்தான் வேலை செய்யும் என்று அதன் ஆவணம் நேரடியாகவே சொல்கிறது. அதற்குப் பகிர்வு நினைவகம் வேண்டியிருப்பதே காரணம். ஆதரிக்க முடியாததை ஆதரிக்க முடியாது என்று எழுதிவைப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதிதான்.

கணினியின் அளவை அல்ல, உங்களுக்கான வரம்பைக் கேளுங்கள்

கண்டெய்னருக்குள் இருந்துகொண்டு மொத்த நினைவகம் எவ்வளவு என்று வழக்கமான வழியில் கேட்டால், பெரும்பாலும் அடியில் இருக்கும் முழுக் கணினியின் அளவே பதிலாக வரும். 256 கிகாபைட் கணினியில் 2 கிகாபைட் வரம்போடு ஓடும் தரவுத்தளம், அந்தப் பதிலை நம்பி 64 கிகாபைட் இடையகம் (தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) ஒதுக்கினால், கெர்னல் அதைக் கொன்றுவிடும். ஜாவாவே இந்தச் சிக்கலில் சில காலம் மாட்டிக்கொண்டிருந்தது. 10ஆம் பதிப்பிலும், பிறகு 8ஆம் பதிப்பின் 191ஆம் புதுப்பிப்பிலும்தான் கண்டெய்னர் வரம்புகளைச் சரியாகப் படிக்கக் கற்றது.

லினக்ஸில், செயல்முறைக் குழுக்களுக்கு வரம்பு விதிக்கும் சிகுரூப் அமைப்பின் இரண்டாம் பதிப்பில், மெமரி.மேக்ஸ் என்ற கோப்பு நினைவக வரம்பையும் சிபியு.மேக்ஸ் என்ற கோப்பு கணிப்பு நேர வரம்பையும் தருகின்றன. முதல் பதிப்பில் கோப்புப் பெயர்களும் அமைப்பும் வேறு. இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வரம்பே இல்லாதபோது எண்ணுக்குப் பதிலாக மேக்ஸ் என்ற சொல்லே கோப்பில் இருக்கும் என்பதை மறந்து எண்ணாக மாற்ற முயலும் நிரல்கள் உண்டு. உங்கள் குழுவுக்கு வரம்பு இல்லாவிட்டாலும் அதன் தாய்க் குழுவுக்கு இருக்கலாம். ஆகவே உச்சி வரை ஏறிப் பார்த்து, கிடைப்பவற்றில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணிப்பு நேர வரம்பு இன்னும் நுட்பமானது. 100 மில்லிநொடிக்கு 200 மில்லிநொடி என்று சிபியு.மேக்ஸ் சொன்னால், இரண்டு கோர்களுக்கு ஈடான நேரம் கிடைக்கிறது என்று பொருள். ஆனால் கணினியில் 64 கோர்கள் தெரிகின்றன என்று 64 இழைகளைத் தொடங்கினால், அவை எல்லாம் ஒரே சமயத்தில் ஓடி ஒதுக்கீட்டைச் சுமார் மூன்று மில்லிநொடியில் தீர்த்துவிடும். மீதி 97 மில்லிநொடி முழுச் செயல்முறையும் உறைந்து நிற்கும். அந்த உறைவின்போது பூட்டைப் பிடித்திருக்கும் இழையும் உறைந்திருக்கும். சராசரி வேகம் நன்றாகவே தெரியும், சில வினவல்கள் மட்டும் காரணமின்றித் தாமதமாகும் என்ற புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நினைவகத்தைப் பொறுத்தவரை, தனித்தனி அமைப்புகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, முழு மென்பொருளுக்கும் ஒரே வரவுசெலவுக் கணக்கு வைப்பது நல்லது. போஸ்ட்கிரெஸில் ஒர்க்-மெம் என்ற அமைப்பின் இயல்பு அளவு 4 மெகாபைட்; அது ஒரு இணைப்புக்கான மொத்த வரம்பு அல்ல, வினவல் திட்டத்தில் வரும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஹாஷ் வேலைக்கும் தனித்தனியாகப் பொருந்துவது. இணைப்புகளும் இணைச் செயல்முறைகளும் பெருகும்போது உண்மையான பயன்பாட்டைக் கணிப்பது நிர்வாகிக்குக் கடினமாகிறது. ஒவ்வொரு வினவலும் பொதுக் கணக்கிலிருந்து நினைவகம் கேட்டு வாங்கி, கிடைக்காதபோது தற்காலிகக் கோப்புக்கு மாறும்படி அமைத்தால், 512 மெகாபைட்டிலும் 512 கிகாபைட்டிலும் அதே நிரல் பிழைக்கும்; சிறிய இடத்தில் மெதுவாக, அவ்வளவுதான். இயங்குதளத்தின் கோப்புத் தற்காலிகச் சேமிப்பும் அதே சிகுரூப்பின் கணக்கில்தான் ஏறுகிறது என்பதையும், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் பகிர்வு நினைவகத்துக்கு இயல்பாக 64 மெகாபைட் மட்டுமே தருகிறது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே வரம்பை மாற்றும் வசதி, கண்டெய்னர்களை மேலாளும் குபர்நெட்டிஸில் வந்துவிட்டதால், இடையகத்தின் அளவை நிறுத்தாமலே மாற்ற முடிவது இனி ஆடம்பரம் அல்ல. மைஎஸ்கியூஎல் 5.7 முதலே இன்னோடிபியில் அது இயலும்.

வசதி இருக்கிறதா என்று ஓடும்போது சோதித்தல்

பதிப்பு எண்ணைப் பார்த்து வசதியை ஊகிக்காதீர்கள், வசதியையே சோதியுங்கள். படிக்கும், எழுதும் வேலைகளைக் காத்திருக்காமல் கெர்னலிடம் ஒப்படைக்கும் லினக்ஸின் ஐஓ-யூரிங் 5.1 கெர்னலில் வந்தது என்பது உண்மை. ஆனால் டாக்கரின் இயல்பான பாதுகாப்பு விதிகள் இப்போது அந்த அழைப்புகளைத் தடுக்கின்றன. ஆகவே புதிய கெர்னலிலும் அது கிடைக்காமல் போகலாம். 2025இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 18 இதைக் கையாண்ட விதம் பின்பற்றத்தக்கது. ஒத்திசையா உள்ளீடு-வெளியீட்டுக்கு அது மூன்று வழிகளைத் தருகிறது: பழைய ஒத்திசை முறை, தனிப் பணியாளர் செயல்முறைகள், ஐஓ-யூரிங். இயல்பாக அமைந்திருப்பது பணியாளர் முறை. அதற்குத் தனிப்பட்ட கெர்னல் வசதி எதுவும் தேவையில்லை, எங்கும் ஓடும்.

செயலியின் சிறப்புக் கட்டளைகளும் அப்படியே. சிஆர்சி என்ற சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட எக்ஸ்86, ஆர்ம் என்ற செயலி வகைகள் இரண்டிலும் தனிக் கட்டளைகள் உண்டு. தொடக்கத்தில் ஒருமுறை சோதித்து, இருந்தால் அந்தச் சார்பையும் இல்லாவிட்டால் பொது வடிவத்தையும் சுட்டும்படி அமைத்தால், ஒரே இருமக் கோப்பு எல்லா இடத்திலும் ஓடும். நினைவகப் பக்கம் 4 கிலோபைட் என்று நிலையாக எழுதிவிடாதீர்கள். ஆர்ம் கெர்னல்கள் 4, 16, 64 கிலோபைட் பக்கங்களோடு வருகின்றன. ராஸ்பெரி பை 5இன் இயல்பான கெர்னல் 16 கிலோபைட்டைப் பயன்படுத்துகிறது. 4 கிலோபைட்டுக்கெனத் தொகுக்கப்பட்ட ஜெமல்லாக் என்ற நினைவக ஒதுக்கீட்டு நூலகம் இத்தகைய கெர்னலில் வேலை செய்யாது. எக்ஸ்86இன் கண்டிப்பான நினைவக வரிசையால் (படிப்பதும் எழுதுவதும் நடக்கும் வரிசை) மறைந்திருக்கும் இழைப் பிழைகள், ஆர்மில்தான் வெளியே வரும். ஆர்ம் சர்வர்களை ஆதரிக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், சோதனையை ஆர்மிலும் ஓட்டுவது பயன் தரும்.

கோப்புக்குள் எழுதிவைக்க வேண்டியவை

தரவுக் கோப்பு ஒரு சர்வரில் உருவாகி மற்றொன்றில் திறக்கப்படலாம். எஸ்கியூலைட் தன் கோப்பு வடிவத்தில் எண்களை எப்போதும் பிக்-எண்டியன் வரிசையிலேயே (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) எழுதுவதால், அதன் கோப்பை எந்தக் கணினிக்கும் அப்படியே கொண்டுபோகலாம். போஸ்ட்கிரெஸ் அந்த வழியில் போகவில்லை. அதன் தரவு அடைவு கட்டமைப்பைச் சார்ந்தது. ஆனால் பக்க அளவு, சீரமைப்பு போன்றவற்றைக் கட்டுப்பாட்டுக் கோப்பில் குறித்துவைத்து, பொருந்தாத இடத்தில் தொடங்க மறுக்கிறது. இரண்டுமே நேர்மையான வடிவமைப்புகள். எதையும் குறித்துவைக்காமல் திறந்து படிக்க முயல்வதுதான் பிழை.

இங்கே எளிதில் கண்ணுக்குத் தப்புவது எழுத்து வரிசை. எழுத்துச் சரங்களை வரிசைப்படுத்தும் வேலையை இயங்குதளத்தின் நூலகத்திடம் விட்டால், தேடலை வேகப்படுத்தும் பி-மர இன்டெக்ஸின் அமைப்பே அந்த நூலகத்தின் பதிப்பைச் சார்ந்துவிடுகிறது. 2018 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வரிசை விதிகளைப் பெருமளவில் மாற்றியது. ஆங்கில அமெரிக்க லொகேலில் (மொழி-வட்டார அமைப்பில்), முன்பு "11"க்குப் பின் வந்த "1-1", அதன்பின் முன்னால் வரத் தொடங்கியது. லினக்ஸ் வகையான டெபியனின் 10ஆம் பதிப்புக்கு மேம்படுத்திய சர்வர்களில் இன்டெக்ஸ்கள் பிழையான விடை தரக்கூடும் என்பதால், அவற்றை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. தரவுக் கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை, சூழல்தான் மாறியது. இயன்றால் வரிசை விதிகளை உங்கள் மென்பொருளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் 17 அப்படியோர் உள்ளமைந்த வழியைச் சேர்த்தது. இயலாவிட்டால் நூலகத்தின் பதிப்பைக் கோப்பில் குறித்து, மாறியிருந்தால் எச்சரியுங்கள். மைஎஸ்கியூஎல் அட்டவணைப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கையாளும் அமைப்பு, லினக்ஸ், விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றிலும் வெவ்வேறு இயல்பு மதிப்பு கொண்டது, 8.0 முதல் தரவு அடைவை உருவாக்கும்போது மட்டுமே அதை அமைக்க முடியும். தாமதமாக வந்தாலும் சரியான கட்டுப்பாடு.

அமைப்புகள்

அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இயல்பு மதிப்பு, கோப்பு, சூழல் மாறி, கட்டளை வரி என்று முன்னுரிமை வரிசை ஒன்றை முடிவு செய்து, அதை மாற்றாமல் வைத்திருங்கள். ஒவ்வொரு அமைப்பின் நடப்பு மதிப்போடு, அது எங்கிருந்து வந்தது, மாற்றினால் மறுதொடக்கம் தேவையா என்பதையும் மென்பொருளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிய வேண்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி-செட்டிங்ஸ் காட்சி இதைச் செய்கிறது. தானியங்கு அமைப்பு பெரிதும் புகழப்படுகிறது. அது தேவைதான், ஆனால் கேட்டால் மட்டும். மைஎஸ்கியூஎல் 8.0இல் இன்னோடிபியின் தனிச் சர்வர் அமைப்பு, நினைவகம் 4 கிகாபைட்டுக்கு மேல் இருந்தால் அதில் 75 சதவீதத்தை இடையகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. வேறு மென்பொருள்களோடு பகிரும் சர்வரில் அது தவறான முடிவு. ஆகவேதான் அது இயல்பாக அணைந்திருக்கிறது.

தொடங்குதலும் நிற்றலும்

டாக்கர், லினக்ஸ் கண்டெய்னரை நிறுத்தும்போது வழக்கமாக 10 நொடி காத்திருந்து வலுக்கட்டாயமாகக் கொல்கிறது. குபர்நெட்டிஸ் இயல்பாக 30 நொடி தருகிறது. எனவே நிறுத்தும் கட்டளை வந்தவுடன் புதிய இணைப்புகளை மறுத்து, ஓடும் பரிவர்த்தனைகளைக் கைவிட்டு, விரைவில் முடிப்பதே இயல்பாக இருக்க வேண்டும். டெர்ம் சமிக்ஞை (நிறுத்தச் சொல்லும் வழக்கமான அறிவிப்பு) வரும்போது போஸ்ட்கிரெஸ் செய்வது போல, எல்லா இணைப்புகளும் தாமாக விலகும் வரை காத்திருக்கும் முறை இங்கே பொருந்தாது. அதன் அதிகாரபூர்வ டாக்கர் படிமம், நிறுத்துவதற்கு வேறு சமிக்ஞையைத் தேர்ந்தெடுத்திருப்பதற்கு அதுவே காரணம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது தொடக்கம். முறிவிலிருந்து மீள்வதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அந்த நேரத்தில் உயிர்ச் சோதனைக்குப் பதில் வராவிட்டால், மேலாண்மைக் கருவி செயல்முறையைக் கொன்று மீண்டும் தொடங்கும். மீட்பும் தொடக்கத்திலிருந்தே நடக்கும். இது முடிவில்லாமல் சுழலும். ஆகவே "உயிரோடு இருக்கிறேன்", "வினவலுக்குத் தயார்" என்ற இரண்டையும் வெவ்வேறு பதில்களாகக் கொடுங்கள். ஒரே தரவு அடைவை இரண்டு செயல்முறைகள் திறப்பதைத் தடுக்கச் செயல்முறை எண்ணைக் கோப்பில் எழுதிவைக்கும் பழைய உத்தியும் கண்டெய்னரில் போதாது. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் செயல்முறை எண்களின் தனி வரிசை (பெயர்வெளி) இருப்பதால், இரண்டுமே 1 என்ற எண்ணோடு ஓடும். ஒன்றுக்கொன்று கண்ணிலும் படாது. கெர்னல் தரும் கோப்புப் பூட்டைப் பயன்படுத்துங்கள்; செயல்முறை இறந்தால் அது தானாகவே விலகிவிடும்.

கால அவகாசங்களை எல்லாம் பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தில் அளந்திடுங்கள். மெய்நிகர் இயந்திரம் இடைநிறுத்தப்பட்டு எழும்போதும், நேர ஒத்திசைவு நடக்கும்போதும் சுவர்க் கடிகாரம் தாவும்.

சோதனை

முதலில் ஒதுக்கி வைத்த அடுக்கு, சோதனையில்தான் தன் செலவைத் திருப்பித் தருகிறது. அதே இடைமுகத்துக்கு, வேண்டுமென்றே பிழை செய்யும் ஒரு வடிவத்தை எழுதுங்கள்: எஃப்சிங்க் தோற்க வேண்டும், எழுதுதல் பாதியில் நிற்க வேண்டும், வட்டு நிரம்ப வேண்டும், எழுதியும் நிலைப்படுத்தாத தரவு எல்லாம் முறிவுக்குப் பின் தொலைய வேண்டும். எஸ்கியூலைட் தன் விஎஃப்எஸ் அடுக்கில் மின்தடையை இப்படித்தான் பாவனை செய்து சோதிக்கிறது. ஃபவுண்டேஷன்டிபி என்ற தரவுத்தளம் இன்னும் மேலே சென்று, வலையமைப்பு, வட்டு, கடிகாரம் அனைத்தையும் ஒரே இழைக்குள் பாவனை செய்து, ஒரே விதை எண்ணை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்தால் அதே பிழை அதே வரிசையில் மீண்டும் நிகழும்படி அமைத்தது. அடுக்கைத் தாண்டி நேரடியாக இயங்குதளத்தை அழைக்கும் ஒரு வரி எங்கேனும் இருந்தால், அந்த மறுநிகழ்வு முறிந்துவிடும். ஆகவே இத்தகைய அழைப்புகளைத் தொகுக்கும்போதே தடுத்துவிடுங்கள். இதன்பின், உண்மைச் சூழல்களில் விளிம்பில் இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினால் போதும்: கால் கோர் வரம்பும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட ஒரு கண்டெய்னர், 64 கிலோபைட் பக்கம் கொண்ட ஓர் ஆர்ம் கெர்னல், வேறு செயலிகளைப் பாவனை செய்யும் க்யூஎமு வழியாக ஒரு பிக்-எண்டியன் கணினி, ஒரு விண்டோஸ் சர்வர்.